நம்பிக்கை, சாட்சியம், கீழாநெல்லி

1

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழி விமர்சகர்களுக்கு மிகவும் பிடித்தமானது. கோஷ்டி மனோபாவத்தோடு எழுதுகிறவனை அடிக்க இதைவிட வசதியான கல் கிடைக்காது. ஆனால் பழமொழி தரும் தகவல் சரியல்ல. மிக அபூர்வமான சந்தர்ப்பங்களைத் தவிர, காமாலை கண்டவனுக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. வானம் நீலமாகவும் அரளி சிவப்பாகவுமே இருக்கின்றன. அவன் கண் மஞ்சள் என்பது மற்றவர்களுக்குத்தான் தெரிகிறது. அவன் தன் நோயைப் பார்ப்பது கண்ணாடியில். அல்லது எதிரே வந்தவன் முகத்தில் தோன்றும் கலவரத்தில்.

நாள்பட்ட கல்லீரல் நோயில் இந்த இரண்டாவது வழியும் அடைபட்டுப் போகிறது. நோய் பத்து, இருபது வருஷம் உள்ளே நடக்கிறது. நோயாளிக்கும் தெரிவதில்லை, எதிரே இருப்பவனுக்கும் தெரிவதில்லை. கல்லீரலின் உட்புறம் வலியை உணர்வதில்லை. பாதிக்குமேல் வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும் உறுப்பு அது. அந்தச் சகிப்புத்தன்மையே அதற்குச் சத்துருவாகிறது. தழும்பின்மேல் தழும்பாக நார் படிந்து, மிருதுவானது இறுகி, வயிற்றில் நீர் கோர்த்து, ஒருநாள் ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் பெரும்பாலோருக்குச் செய்தி வந்து சேர்கிறது. லென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1819ல் இந்த நிலைக்கு ‘சிரோசிஸ்’ என்று பெயர் வைத்தார். வெட்டிப் பார்த்தபோது கண்ட பழுப்பு மஞ்சள் நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. பிணத்தில் பார்த்த நிறம் அது. உயிரோடிருப்பவனிடம் அதைப் பார்ப்பது எப்படி என்பதே அதற்குப் பின் வந்தவர்களின் பிரச்னை.

அவர்கள் கண்ட வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊசி செலுத்தி ஈரலில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வழி. 1958ல் இத்தாலியர் மெங்கினி அதை ஒரு நொடி வேலையாக்கினார். அந்தத் துணுக்கு முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு வரியை வைத்து ஒரு கவிஞனை முடித்துவிடும் நம் மதிப்புரைகளை நினைத்துக்கொண்டால் இதன் அபாயம் விளங்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஃபைப்ரோஸ்கேன், விலா எலும்புகளின் இடுக்கில் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிறது. இறுகிய ஈரலில் அதிர்வு வேகமாக ஓடும். வயது, இரண்டு நொதிகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டு அபாயத்தைக் கணிக்கும் வழியும் 2006 முதல் இருக்கிறது. எங்கள் கவுன்ட்டரில் வட்டிக் கணக்குப் பார்ப்பதைவிட அது கஷ்டமானதல்ல.

நமக்கு இதில் விஷயம் என்ன? சிறுபத்திரிகைகளில் நாம் கட்டிக் காத்துவரும் ஒரு சித்தாந்தம் இருக்கிறது: சுய அனுபவமே கடைசிப் பிரமாணம். கவிதையில் இது எவ்வளவு தூரம் உண்மை என்பது வேறு விவாதம். உடம்பின் விஷயத்தில், அதுவும் இந்த ஒரு உறுப்பின் விஷயத்தில், அனுபவம் பிரமாணமே அல்ல. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஒருவன் முழு நேர்மையோடு சொல்கிறான், அது பொய். ‘எனக்குக் குணமாகிவிட்டது’ என்று இன்னொருவன் அதே நேர்மையோடு சொல்கிறான். அதுவும் பொய்யாக இருக்கக்கூடும். நேர்மைக்கும் உண்மைக்கும் நடுவே இப்படி ஒரு பிளவு விழும்போது ஒருவன் எதை நம்பலாம், எதை நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்பது மருத்துவக் கேள்வியாக மட்டும் நின்றுவிடாது. அது ஓர் அறக் கேள்வி.

2

இந்தக் கேள்வியை விசாரிக்க நம் மண்ணிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1988 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன், அவரது சகாக்கள், அமெரிக்காவில் இருந்த பி. எஸ். வெங்கடேஸ்வரன், பரூக் பிளம்பர்க். பிளம்பர்க் சாதாரணப் பெயரல்ல. அறுபதுகளில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டு, அதன் வழியே ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்குக் கதவு திறந்தவர். 1976ல் நோபல் பரிசு பெற்றார். இன்று உலகம் முழுவதும் குழந்தைகளுக்குப் போடும் அந்தத் தடுப்பூசியின் வேர் அவரிடம் இருக்கிறது.

கட்டுரை கீழாநெல்லி பற்றியது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியை நிரந்தரமாக ரத்தத்தில் சுமந்துகொண்டிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு வெறும் பொய் மருந்து. மருந்து முடிந்து 15, 20 நாள் கழித்துச் சோதித்ததில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பொய் மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்திருந்தது. நூற்றுக்கு 59 எங்கே, நூற்றுக்கு 4 எங்கே!

இந்த எண் எவ்வளவு அசாதாரணமானது என்பதை உணர ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நாள்பட்ட நிலையில் இந்த அடையாளம் தானாக மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான். இன்று கையிலுள்ள மிகச் சிறந்த மாத்திரைகளான டெனோஃபோவிரும் என்டெகாவிரும்கூடக் கிருமியை அடக்கி வைக்கின்றனவே தவிர, அடையாளத்தை அழிப்பது அபூர்வம். வயல் வரப்பில் காலில் மிதிபடும் ஒரு பூண்டு, ஒரே மாதத்தில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதைச் செய்தது என்றால் அது மருத்துவ சரித்திரத்தையே மாற்றியிருக்கும்.

மாற்றவில்லை. 1990ல் தாய்லாந்தில் அறிகுறியற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். 1991ல் ஹாலந்தில் உறுதிப்படவில்லை. 1994ல் நியூஸிலாந்திலும் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி 2011ல் காக்ரேன் குழுவினர் 16 சோதனைகளைப் பரிசீலித்தார்கள். பெரும்பாலானவை பலவீனமாக நடத்தப்பட்டவை, பொய் மருந்தைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்ளும்படியான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

3

இதற்கு இரண்டு தரப்பிலிருந்தும் எதிர்வினைகள் உண்டு. இரண்டும் எனக்கு அலுப்பூட்டுகின்றன.

முதல் தரப்பு மரபின் காவலர்கள். ‘நோபல் பரிசு பெற்றவரே ஒப்புக்கொண்டார்’ என்று இன்றும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். 1988ஐச் சொல்வார்கள், 1990ஐச் சொல்லமாட்டார்கள். மேல்நாட்டு விஞ்ஞானம் நம்மை ஒடுக்குகிறது என்று தொடங்குகிறவர், தன் செடிக்கு நற்சான்றிதழ் வாங்க ஸ்டாக்ஹோமுக்குப் போய் நிற்பதில் உள்ள முரண்பாடு அவருக்கு உறைப்பதில்லை. பின்னால் வந்த தோல்விகளைப் பற்றிக் கேட்டால், அங்கே பயன்படுத்திய செடி வேறு, மண் வேறு என்பார். இது அபத்தமான வாதம் அல்ல. கீழாநெல்லி இனத்தில் ஒன்றுபோல் தோற்றமளிக்கும் பல செடிகள் உண்டு. பிளம்பர்க் குழுவினரே 1987ல் எழுதிய கட்டுரையில் ஒரு தாவரப் பெயரையும், 1988ல் வேறொரு பெயரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு கடப்பாடு இருக்கிறது. எந்தச் செடி, எந்த மண், எந்தப் பருவம் என்று முன்கூட்டியே சொல்லி, அதைக்கொண்டு மறுபடி சோதித்து, தோற்றால் தோற்றது என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். தோல்வி ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சமாதானம் கண்டுபிடிக்கிறவன் ஒரு கருத்தைக் காப்பாற்றவில்லை, அதை எதனாலும் தொட முடியாததாக ஆக்கிவிடுகிறான். எதனாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்று உலகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்று கார்ல் பாப்பர் வாதித்தது இதைத்தான்.

இன்னொன்று. நம் மண்ணின் மூலிகை என்று மார்தட்டப்படும் இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்று தாவரவியலார் கருதுகிறார்கள். மிளகாயைப்போல இதுவும் கடல் தாண்டி வந்து நம்மோடு ஒட்டிக்கொண்டது. மரபு என்பது வந்ததை எல்லாம் உள்வாங்கிக் கொண்டு தன்னுடையதாக்கும் ஒரு சக்தி என்பதற்கு இது நல்ல உதாரணம். மரபின் காவலர்களுக்குத்தான் இந்த உதாரணம் உபயோகப்படாது.

இரண்டாவது தரப்பு நவீனர்கள், அதாவது நாம். ‘பாட்டி வைத்தியம் அம்பலப்பட்டது’ என்று ஒரு சிரிப்போடு விஷயத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் எது அம்பலப்பட்டது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பாட்டி சொன்னது என்ன? மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடு என்பது. காமாலை ஒரு அறிகுறி. கண்ணால் காணக்கூடியது. சென்னையிலும் தாய்லாந்திலும் சோதிக்கப்பட்டதோ, கண்ணில் மஞ்சளே இல்லாத, நோயாளி என்று தன்னை உணராத ஒருவனின் ரத்தத்தில் ஒரு புரதம் மறைகிறதா என்பது. பாட்டிக்கு அப்படி ஒரு மனிதன் இருப்பதே தெரியாது. அவள் சொல்லாத வாக்கியம் ஒன்றைச் சோதித்து, அது பொய் என்று கண்டிருக்கிறோம். அது மெய்யாகியிருந்தாலும் அவள் சொன்னது மெய் என்று ஆகியிருக்காது.

அப்படியானால் அவள் சொன்னது மெய்யா? இங்கேதான் அனுபவத்தின் கஷ்டம். நம் ஊர்களில் திடீரென்று வரும் காமாலையில் பெரும்பங்கு அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ, இ வகைகள். கர்ப்பிணிகளையும் வேறு சிலரையும் விட்டால், மிகப் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகவே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் அடங்கும், குடிக்காவிட்டாலும் அடங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் காக்கை பத்துத் தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறது. பழமும் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்களை மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பார்த்தது உண்மை. அவர்களால் பார்க்க முடியாதது ஒன்றுதான்: காக்கை உட்காராத மரம். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கொடுக்கப்படாத நோயாளி ஒருவன் வேண்டும். சொந்தக் குழந்தைக்கு மருந்து கொடுக்காமல் இருந்து பார்க்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். வீட்டு வைத்தியம் நிரூபணம் அடையாததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, அன்பும்தான்.

சைவ சித்தாந்திகள் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகச் சொல்வார்கள். ஈரல் நோயில் காண்டல் நம்மைக் கைவிடுகிறது. உரை, அதாவது குணமானவன் சொல்லும் சாட்சியம், வழி தப்ப வைக்கிறது. எஞ்சுவது கருதல் ஒன்றே. அதுவும் தனி மனிதனின் கருதல் அல்ல, பலரை இரண்டாகப் பிரித்து வைத்து, யாருக்கு எது கொடுத்தோம் என்பதைக் கொடுத்தவனிடமிருந்தே மறைத்து, எண்ணிப் பார்க்கும் கருதல். அன்பில்லாத காரியம்போலத் தோன்றுகிறது. ஆனால் அன்பு பார்க்க முடியாத இடத்தைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது அது.

4

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1877ல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது. பழுது பார்க்க வேண்டுமோ என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பலாயிற்றே, கடவுள் இருக்கிறார் என்றெல்லாம் சொல்லிச் சந்தேகத்தை அமுக்கிவிட்டு, மனப்பூர்வமான நம்பிக்கையோடு ஜனங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பிக்கை போலியல்ல. ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்ட். இதற்குப் பதிலாக 1896ல் வில்லியம் ஜேம்ஸ், சில விஷயங்களில் சாட்சியம் வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், நம்பினால்தான் நிகழக்கூடிய உண்மைகளும் உண்டு என்று வாதித்தார். நட்பு அப்படிப்பட்டது. எதிராளி என்னை விரும்புவான் என்று நம்பிப் பழகினால்தான் அவன் விரும்புவான்.

ஆங்கில இலக்கிய வகுப்பில் நான் இவர்களைப் படிக்கவில்லை. பின்னால் தானாகப் படித்தபோது ஜேம்ஸின் பக்கம் சாய்ந்தவன் நான். கவிதை வாசிக்கிறவன் அப்படித்தான் சாய்வான். ஆனால் வைரஸ் ஒரு நண்பன் அல்ல. நான் நம்புவதால் அது தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுக்கப் போய், தனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பதை அறிந்தார். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. மருத்துவர் எல்லாச் சோதனைகளையும் செய்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை அவசியமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இது சரியான ஆலோசனை. கிருமியைச் சுமப்பவர்களில் பலருக்கு மருந்து தேவைப்படுவதில்லை, கண்காணிப்புத்தான் தேவை. ஆனால் அவருடைய நிலையிலிருந்து பார்க்க வேண்டும். உனக்குள் ஒன்று இருக்கிறது, அது உன்னைக் கொல்லலாம், கொல்லாமலும் போகலாம், நீ செய்வதற்கு எதுவுமில்லை என்று ஒருவனிடம் சொல்லியாகிவிட்டது. தினமும் காலையில் அவருடைய தாயார் மில்லுக்குப் பின்னாலிருக்கும் வாய்க்கால் ஓரத்தில் பறித்து, அரைத்து, மோரில் கலந்து நீட்டுகிறார். விஞ்ஞானம் கொடுக்காத ஒன்றை அந்த டம்ளர் கொடுத்துவிடுகிறது: செய்வதற்கு ஒரு காரியம்.

ஒருநாள் பகல் சாப்பாட்டு வேளையில் அவர் கேட்டார்: “நீங்க இங்கிலீஷ்ல படிக்கறவரு. இது நெசமாலுமே வேலை செய்யுமுங்களா, இல்லீங்களா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க.”

ஒரே வார்த்தையில் சொல்ல முடியும். ‘செய்யாது’ என்பதே அந்த வார்த்தை. கையிலுள்ள சாட்சியம் அவ்வளவுதான் அனுமதிக்கிறது. அதைச் சொன்னேன். ஆனால் அதை மட்டும் சொல்வது பாதி உண்மை என்று பட்டது. அவர் கேட்ட கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. செடி கிருமியை விரட்டுமா என்பது ஒன்று. இந்தக் காத்திருப்பை நான் எப்படித் தாங்குவது என்பது மற்றொன்று. முதலாவது கிளிஃபோர்டின் எல்லைக்குள் வருவது. அங்கே நம்ப உரிமை இல்லை. இரண்டாவதில் ஜேம்ஸ் சொல்வதற்கு இடமிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறவனுக்கும், போவதை விட்டுவிடுகிறவனுக்கும் முடிவு ஒன்றல்ல. புற்று வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். கிருமி தலைதூக்கினால் மாத்திரையைத் தொடங்கலாம். போய்வருவதில் அர்த்தமிருக்கிறது என்று நம்புகிறவன்தான் போவான். அந்த நம்பிக்கை தனக்கான உண்மையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சோதித்துத் தடுப்பூசி போடச் சொன்னேன்; அதுவும் செய்வதற்குரிய காரியம். குடிப்பது எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்றேன். மூலிகை என்பதாலேயே ஈரலுக்குத் தீங்கற்றது என்பதில்லை. 2021ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் உண்டு ஈரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அதற்கும், அது வேறு கொடி என்ற சமாதானமே பதிலாக வந்தது.

அவருடைய தாயாரின் அன்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சாட்சியம் கேட்க வேண்டிய இடம் அது அல்ல.

5

காங்கேயத்தில் வங்கி வேலை என்றால் பாதி நேரம் நகைக்கடன்தான். விதைப்புக்கும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், கொப்பரை விலை இறங்கிய வருஷத்துக்கும் நகை வந்துவிடும். பாட்டி போட்டிருந்த அட்டிகை, கலப்படமே கிடையாதுங்க என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் அறிந்தது அது. மதிப்பீட்டாளர் பேசாமல் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து அமிலம் வைத்துப் பார்ப்பார். அதைப் பாட்டிக்குச் செய்த அவமானமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பொன் என்று மதிப்பதால்தான் உரைக்கிறோம். பித்தளைச் செம்பை யாரும் உரைத்துப் பார்ப்பதில்லை. மாற்றுக் குறைந்தால் அட்டிகையின் விலை குறையும், பாட்டி குறைந்துபோவதில்லை.

மரபைப் பற்றிய நம் விவாதங்களில் இந்தச் சாதாரண விவேகம் காணாமல் போய்விடுகிறது. உரைக்கவே கூடாது என்கிறவனும், உரைக்காமலே பித்தளை என்கிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். சென்னைக் குழுவினர் இரண்டையும் செய்யவில்லை. ஒரு வீட்டு வைத்தியத்தை எடுத்து, உலகமே பார்க்கும் இடத்தில் வைத்து உரைத்தார்கள். முதல் கோடு தங்கமாக மின்னியது. மற்றவர்கள் உரைத்தபோது மின்னவில்லை. மற்றவர்கள் உரைத்துப் பார்க்கும்படியாக அதை எழுதி வைத்ததே அவர்கள் செய்த பெரிய காரியம். முதல் முடிவு நிற்கவில்லை என்பது அந்த முயற்சியின் பெருமையைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. தோற்கக்கூடிய வடிவத்தில் ஒரு நம்பிக்கையை முன்வைக்கத் துணிவு வேண்டும். நம் இலக்கியக் கோட்பாடுகளில் எத்தனைக்கு அந்தத் துணிவு இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

மிச்சமிருக்கும் கேள்வி பணம் சம்பந்தப்பட்டது அல்ல, கவனம் சம்பந்தப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் ஹெப்படைட்டிஸ் பி கிருமியோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர். பெரும்பாலோருக்கு அது தெரியாது. பிளம்பர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28ல், 2018ஆம் வருஷம், சோதனையையும் மாத்திரையையும் இலவசமாகக் கொடுக்கும் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கியது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட்டால், தாயிடமிருந்து இந்தக் கிருமி வருவதைப் பெருமளவு தடுத்துவிடலாம். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகிவிடுகிறது. பெரியவனாகித் தொற்றினால் இருபதில் ஒருவருக்குக்கூட ஆவதில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் நாம் கீழாநெல்லி வேலை செய்யுமா செய்யாதா என்பதையே ஆவேசத்தோடு விவாதிக்கிறோம். நம் அடையாளத்தைப் பற்றிய கேள்வியாக அது ஆகிவிட்டதே காரணம். தன் ரத்தத்தில் இருப்பது தனக்கே தெரியாத அந்த மனிதனுக்கு இந்த விவாதத்தில் இடமில்லை. அவனைத் தேடிப்போய் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பதே இப்போதைக்கு நாம் மரபுக்கும் விஞ்ஞானத்துக்கும் சேர்த்துச் செய்யக்கூடிய மரியாதை.